குளுவானுக்கும் நிறம் உண்டு: கேள்வி பதில்

கேள்வி: புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க் என்ற துகளுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்கிறார்களே சார், நிஜமாகவே அந்த நிறத்திலா இருக்கும்?

பதில்: இல்லை, வெறும் பெயர்தான். மின்னூட்டம் போல இன்னொரு பண்பு அது. மின்னூட்டத்தில் நேர், எதிர் என்று இரண்டு. இங்கே மூன்று வகை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிர்வகை. மூன்றும் சேர்ந்த புரோட்டான் நிறமற்றது.

கேள்வி: கணக்கு உதைக்கிறது என்று பின்னால் சேர்த்துக்கொண்ட பண்பு மாதிரி இருக்கிறதே?

பதில்: ஆரம்பத்தில் அப்படித்தான். 1964இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஒமேகா மைனஸ் துகள் சிக்கியது. உள்ளே ஸ்ட்ரேஞ்ச் என்ற வகைக் குவார்க்குகள் மூன்று, தற்சுழற்சி மூன்றுக்கும் ஒரே பக்கம். அச்சு அசலாக ஒரே மாதிரி மூன்று ஒரே நிலையில் இருக்க பவுலி விதி விடாது. ஏதோ ஒன்றில் அவை வேறுபட்டாக வேண்டும், அதுதான் நிறம். அப்புறம் எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிட்டபோது, நிறமே இல்லை என்று போட்ட கணக்கைப்போல மூன்று மடங்கு குவார்க்குகள் பிறந்தன. சந்தேகம் தீர்ந்தது.

கேள்வி: குவார்க்குகளை ஒட்டிவைக்கும் துகளான குளுவான் ஒரு நிறத்தையும் ஓர் எதிர்நிறத்தையும் சுமக்கிறது. 3 × 3 = 9 தானே, ஏன் 8?

பதில்: ஒன்பதில் ஒரு கலவை முழுக்க நிறமற்றது. அது இருந்திருந்தால் ஒளித்துகளான ஃபோட்டான் போல வெகுதூரம் பாய்ந்து புரோட்டான்களையும் இழுத்திருக்கும். அப்படியொரு விசை இயற்கையில் இல்லை.

கேள்வி: ஃபோட்டானுக்கும் நிறை இல்லை, குளுவானுக்கும் இல்லை. ஒன்று நட்சத்திரத்திலிருந்து வந்து சேர்கிறது, மற்றது ஏன் அணுக்கருவைத் தாண்டுவதில்லை?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஃபோட்டானுக்கு மின்னூட்டம் கிடையாது. இன்னொரு ஃபோட்டானைக் கண்டால் தன் பாட்டுக்குப் போய்விடும். குளுவானுக்கு நிறம் உண்டு, அதனால் குளுவான்கள் தமக்குள்ளேயே இழுத்துக்கொள்கின்றன. புலக்கோடுகள் விரிந்து பரவாமல் கயிறாகத் திரள்கின்றன. குவார்க்கைப் பிடித்து இழுத்தால் கயிறு நீளும், இறுக்கம் தளராது: சுமார் 16 டன் விசை. சரக்கேற்றிய லாரியைத் தொங்கவிட்ட கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள்! இழுக்க இழுக்க ஆற்றல் ஏறி, ஒரு கட்டத்தில் கயிறு அறும். அறுந்த முனைகளில் புதிதாக ஒரு குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் முளைத்துவிடும். அதனால் தனிக் குவார்க் கைக்கு வராது. நெருங்கி இருக்கும்போதோ கயிறு தொளதொளவென்று கிடக்கும். 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் என்ற இயற்பியலாளர்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள், 2004இல் நோபல்.

கேள்வி: குளுவானை யாராவது பார்த்தார்களா?

பதில்: 1979இல், ஹாம்பர்க் நகரில், பெட்ரா என்ற துகள் மோதுவானில். வழக்கமாகத் துகள்கள் எதிரெதிரே இரண்டு தாரைகளாகச் சிதறும். சில மோதல்களில் மூன்று தாரைகள் தெரிந்தன. மூன்றாவது, குளுவான் விட்ட தடம்.

கேள்வி: சரி, இதனால் எனக்கென்ன?

பதில்: உங்கள் எடை. புரோட்டானின் நிறை 938 மெகா எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் நிறையை அளக்கும் அலகு). அதன் மூன்று குவார்க்குகளைக் கூட்டினால் 9 தான் தேறும். மிச்சம் பெரும்பாலும் குளுவான் புலத்தின் ஆற்றலும் குவார்க்குகளின் ஓட்டமும். எல்லா நிறையும் ஹிக்ஸ் என்ற புலம் தருவது என்று படித்தால் நம்பாதீர்கள், அது தருவது அந்த 9 மட்டும்தான். 60 கிலோ ஆளிடம் அதன் பங்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல்.