லாரி வாடகையும் ஏற்றுக்கூலியும்: வெக்டராக்கச் செலவு பற்றிச் சில கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பாதி, கம்பைலர் (நாம் எழுதும் நிரலைச் செயலியின் ஆணைகளாக மாற்றும் மென்பொருள்) மீதான கோபம். லூப்பில் ஒவ்வொன்றாகச் செய்யும் வேலையைப் பல எண்களுக்கு ஒரே ஆணையில் செய்யும்படி கம்பைலர் மாற்றுவதுதான் வெக்டராக்கம். கோபம் நியாயமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

என் செயலி ஒரே ஆணையில் எட்டு முழுஎண்களைக் கூட்டும். ஆனால் ஓ3 (வேகத்தைக் கூட்டச் சொல்லும் கம்பைலர் விருப்பம்) கொடுத்தும் கம்பைலர் என் லூப்பை வெக்டராக்கவில்லை, ‘பலனில்லை’ என்கிறது. ஒரு பட்டியலிலிருந்து இட எண்ணைப் படித்து, அந்த இடத்தில் உள்ள மதிப்பை எடுத்து, ஒன்றைக் கூட்டி, வேறொரு பட்டியலில் அடுத்தடுத்து எழுதுகிறேன். அவ்வளவுதான்.
— கல்லூரி மாணவி, காட்பாடி

முதலில் அந்த எட்டை மறந்துவிடுங்கள். எந்தச் செயலிக்கு என்று சொல்லாமல் கம்பைல் செய்தால், 64 பிட் இன்டெல், ஏஎம்டி எந்திரங்களுக்கு எடுத்துக்கொள்ளப்படும் அடிப்படை, எஸ்எஸ்இ2 என்ற வெக்டர் ஆணைத் தொகுப்பு. அதில் ரெஜிஸ்டர் (செயலிக்குள் எண்களை வைக்கும் இடம்) 128 பிட், நான்கு முழுஎண்கள்தான்.

வேலூர் மண்டித் தெருவில் மூட்டையெல்லாம் ஒரே கடையில் அடுக்கியிருந்தால் லாரி வைப்பது லாபம். பத்துக் கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஏற்ற வேண்டுமென்றால், வாடகையில் மிச்சம் பிடித்ததை ஏற்றுக்கூலி தின்றுவிடும். உங்களுடையது பொறுக்கி ஏற்றும் லூப்.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். சாதாரண முறையில் ஒரு உறுப்புக்கு இரண்டு படிப்பு, ஒரு கூட்டல், ஒரு எழுதல்: செலவு 4. நான்கு உறுப்புகளுக்கு 16. வெக்டர் முறையில் இட எண்களைப் படிக்க 1, கூட்ட 1, எழுத 1. மூன்றுதான்! ஆனால் நான்கு இட எண்களையும் வெக்டரிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். நான்கு மதிப்புகளைத் தனித்தனியே படிக்க வேண்டும். நான்கையும் திரும்பச் செருக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 1 வைத்தாலே மொத்தம் 15. எடுப்பதும் செருகுவதும் இன்டெல் செயலிகள் பலவற்றில் உள்ளுக்குள் இரண்டிரண்டு வேலை. அதற்கு 2 வைத்தால் 23 ஆகிவிடும். 16 எங்கே, 23 எங்கே! கம்பைலர் மறுத்தது சரி.

ஏவிஎக்ஸ்2 என்ற பிந்தைய வெக்டர் ஆணைத் தொகுப்பில் சிதறிக் கிடப்பதைச் சேர்த்தெடுக்க ‘கேதர்’ என்று ஒரே ஆணை உண்டே என்பீர்கள். உண்டு. பெயருக்குத்தான் ஒரே ஆணை. நினைவகத்தில் ஒவ்வோர் இடத்தையும் அது தனித்தனியே தொட்டாக வேண்டும். போதாக்குறைக்கு, 2023 ஆகஸ்டில் வெளியான ‘டவுன்ஃபால்’ பாதுகாப்புக் குறைக்கு வந்த மைக்ரோகோடு (செயலியின் உள் நிரல்) திருத்தம், பாதிக்கப்பட்ட இன்டெல் செயலிகளில் அந்த ஆணையை இன்னும் மெதுவாக்கியது. செலவு அட்டவணையை ஒருமுறை எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

எல்எல்விஎம் (ஒரு கம்பைலர் கட்டமைப்பு) அறிக்கையில் ‘செலவு 4’ என்றால் நான்கு கடிகாரத் துடிப்புகளா?
— ராணிப்பேட்டை வாசகர்

இல்லை. ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கான எண் அது. ஆணையின் முடிவு கிடைக்க எவ்வளவு நேரம், அடுத்தடுத்து எவ்வளவு வேகமாக ஆணைகளை அனுப்பலாம், நிரலின் அளவு எவ்வளவு பெருகும் என்று எல்எல்விஎம்மில் செலவுக்குப் பல அளவுகோல்கள் உண்டு. லூப் வெக்டராக்கத்தில் பொதுவாகக் கேட்பது இரண்டாவதை. இன்டெலின் ஸ்கைலேக் செயலியில் மிதவைப்புள்ளி எண்களின் (பின்னப் பகுதி கொண்டவை) கூட்டல் ஒன்றின் விடை வர நான்கு துடிப்புகள். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு கூட்டல்களைத் தொடங்கலாம். ஒன்றின் விடைக்காக மற்றொன்று காத்திருக்கும் சங்கிலி உங்கள் லூப்பில் இருந்தால், அறிக்கையின் செலவு எண்ணை மட்டும் நம்பி ஏமாறுவீர்கள்.

முழுஎண்களின் கூட்டுத்தொகை வெக்டராகிறது, மிதவைப்புள்ளி எண்களுக்கு ஆகவில்லை. செலவு அதிகமா?
— ஆம்பூர் வாசகர்

செலவுக் கணக்கு வரை போகவே இல்லை. மிதவைப்புள்ளியில் கூட்டும் வரிசை மாறினால் விடையின் கடைசி இலக்கங்கள் மாறலாம். உங்கள் அனுமதி இல்லாமல் கம்பைலர் வரிசையை மாற்றாது. சிறு மாற்றம் பரவாயில்லை என்றால் ஃபாஸ்ட்-மேத் என்ற கம்பைலர் விருப்பத்தைக் கொடுங்கள். வட்டிக் கணக்கு எழுதுகிறவர் என்றால் கொடுக்காதீர்கள்.

பிராக்மா (நிரலுக்குள் கம்பைலருக்கு எழுதும் குறிப்பு) போட்டு வெக்டராக்கும்படி கட்டாயப்படுத்தினேன். வேகம் குறைந்துவிட்டது. எப்படி?
— குடியாத்தம் வாசகர்

நானும் இதில் அடிபட்டவன். கட்டாயப்படுத்தினால் செலவுக் கணக்கைக் கம்பைலர் ஓரம் கட்டிவிடும். ஒரு படச் செயலாக்க நிரலில் உள் லூப்புக்குப் பிராக்மா போட்டுவிட்டுப் பெருமையாக இருந்தேன். அளந்து பார்த்தால் பழையதைவிட மெதுவு. லூப் எத்தனை முறை சுற்றுகிறது என்று அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது: பெரும்பாலும் ஐந்தே முறை. நான் கேட்டது எட்டெட்டாகச் செய்யச் சொல்லி! உள்ளே நுழையும் முன் நினைவகப் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்ற சோதனை; பிறகு எண்ணிக்கைச் சோதனை; கடைசியில் எல்லா வேலையும் மீதியைச் செய்யும் சாதாரண லூப்பில். வெக்டர் பகுதி ஒருமுறைகூட ஓடவில்லை.

இதோடு ஒப்பிடுங்கள்: 2022-இல், ஓ3-க்கு ஒரு படி கீழான ஓ2 நிலையிலும் வெக்டராக்கத்தைத் தொடங்கிய ஜிசிசி கம்பைலரின் 12-ஆம் பதிப்பு, அங்கே மிகச் சிக்கனமான செலவு மாதிரியை வைத்தது: சாதாரண லூப் மிச்சமே இல்லாமல் வெக்டர் லூப்பாக மாறினால் மட்டும் செய். உங்கள் லூப்பின் சுற்று எண்ணிக்கை எப்போதும் 8 அல்லது 16 என்றால், அதை மாறியில் வைக்காமல் மாறிலியாக எழுதுங்கள். பிராக்மாவை எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.