மலைப் பயணத்துக்கு ஆர்வி வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் டாலஸில் வசிக்கிறோம். மகன் கல்லூரிக்குப் போய்விட்டதால் செப்டம்பரில் நானும் கணவரும் மட்டும் கொலராடோ போகலாம் என்றிருக்கிறோம். டுராங்கோ, சில்வர்டன், யூரே, முடிந்தால் ஆஸ்பென். பத்து வருடம் ஓடிய 31 அடி கிளாஸ் சி மோட்டார்ஹோம் (வேன் அடிச்சட்டத்தின் மேல் வீடு போலக் கட்டிய ஆர்வி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஃபோர்டு ஈ-450 சேஸி, வி10 பெட்ரோல் என்ஜின். "எந்த மலையையும் ஏறிவிடும்" என்கிறார் டீலர். ஓட்டிப் பார்த்தோம், நன்றாகத்தான் போகிறது. வாங்கலாமா?

பதில்: ஏறுமா என்றால் ஏறும், அதில் சந்தேகமில்லை. இறங்கும்போது நிற்குமா என்பதைத்தான் டீலரிடம் கேட்க வேண்டும்.

டாலஸ் கடல்மட்டத்துக்குச் சுமார் 430 அடி உயரத்தில் இருக்கிற ஊர். அங்கே ஓட்டிப் பார்த்ததை வைத்து மலையைக் கணிக்க முடியாது. இந்த வி10 போல டர்போ இல்லாத என்ஜின், ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். சில்வர்டனுக்கும் யூரேக்கும் நடுவே உள்ள ரெட் மவுன்டன் கணவாய் 11,000 அடிக்கு மேல். அங்கே மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும். வண்டி உறுமிக்கொண்டு மெதுவாக ஏறும். ஒதுங்க இடம் கிடைத்தால் பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடுங்கள். இதில் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது இறக்கத்தில். ஈ-450-இன் மொத்த எடை வரம்பு 14,500 பவுண்டு, அதாவது ஆறரை டன். அவ்வளவு எடையைப் பிரேக் மிதியிலேயே பிடித்துக்கொண்டு இறங்கினால் பிரேக் பேட் சூடேறி, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடியது. புதிய டாட் 3 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய ஆயிலுக்குத் தர விதி கேட்கும் குறைந்த அளவு 140 டிகிரிதான். கொதித்துக் குமிழி விட்டால் மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. பத்து வருட வண்டியில் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எடை. டீலர்கள் சோஃபாவையும் டிவியையும் காட்டுவார்கள். நீங்கள் வாசல் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்ற எண் அதில் இருக்கும். தண்ணீரும் அந்தக் கணக்கில் சேரும். 40 கேலன் தொட்டி நிரம்பினாலே 330 பவுண்டுக்கு மேல். நீளமான கிளாஸ் சி வண்டிகளில் இந்த எண் பல சமயம் ஏமாற்றம் தரும். மலைக்குப் போகும்போது தொட்டியில் கால்பங்கு போதும், கேம்ப்கிரவுண்டில் பிடித்துக்கொள்ளலாம்.

டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2317 என்றால் 2017-இன் 23-வது வாரம். பின்பக்கம் இரட்டைச் சக்கரம் என்பதால் உள்டயரை டார்ச் அடித்துத்தான் படிக்க முடியும். குனிந்து பாருங்கள், கூச்சப்படாதீர்கள். வெளியே புதிது, உள்ளே பழையது என்று போட்டு விற்பவர்கள் உண்டு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பழைய கார் விற்கும் டீலர், வாரண்டி உண்டா இல்லையா என்று சொல்லும் 'பையர்ஸ் கைடு' என்ற தாளைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்பது மத்திய விதி. 8,500 பவுண்டும் அதற்கு மேலும் எடை வரம்புள்ள வண்டிக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே உங்கள் ஆர்வியில் அந்தத் தாளைத் தேடாதீர்கள். வாரண்டி உண்டா, எதற்கு, எத்தனை நாள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை பின்னால் நிற்காது. ஆர்வி பார்க்கத் தெரிந்த, டீலருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள்.

என் யோசனையைக் கேட்டால், இந்தச் செப்டம்பருக்கு 25 அடிக்குள் ஒரு வண்டியை வாடகைக்கு எடுங்கள். மலையில் ஒரு வாரம் ஓட்டிய பிறகும் ஆசை குறையவில்லை என்றால் வாங்குங்கள். 31 அடி வண்டியில் முதல் பயணமே டுராங்கோ, சில்வர்டன், யூரே சாலையில் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. யூரேக்குத் தெற்கே பள்ளத்தை ஒட்டிய பல இடங்களில் தடுப்புக் கம்பியே கிடையாது. டுராங்கோவிலிருந்து வடக்கே போனால் அந்தப் பகுதியில் நீங்கள் மலைச்சுவர் ஓரமாக வருவீர்கள். யூரேயிலிருந்து தெற்கே போனால் பள்ளத்தின் ஓரமாக. ஆகவே வடக்கு நோக்கியே போங்கள். திரும்ப ரிட்ஜ்வே, டொலோரஸ் வழியாக லிசர்ட் ஹெட் கணவாயைப் பிடியுங்கள். தூரம் கூடும், ஆனால் சாலை சாதுவானது. ஆஸ்பெனுக்கு இன்டிபென்டன்ஸ் கணவாய் வழி என்றால், 35 அடிக்கு மேல் அனுமதி இல்லை. பின்னால் கார் கட்டி இழுத்தால் அதுவும் நீளத்தில் சேரும்.

ஓட்டும் முறையைக் கணவர் சமதளத்திலேயே பழகட்டும். கியர் தண்டின் நுனியில் டோ/ஹால் (பாரம் இழுக்கும்போது கியரை அதற்கேற்ப மாற்றும்) பொத்தான் இருக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே அதை அழுத்தி, கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். தீர்மானித்த வேகத்தை எட்டியதும் பிரேக்கை நன்றாக அழுத்தி வேகத்தை மணிக்கு 5 மைல் குறைத்து, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். மறுபடி வேகம் கூடினால் மறுபடி அப்படியே. மிதியில் கால் வைத்தபடியே இறங்கக் கூடாது.

கேள்வி: வாடகை ஆர்விக்கு எங்கள் கார் இன்ஷூரன்ஸும் கிரெடிட் கார்டும் போதாதா? (அதே வாசகி)

பதில்: பெரும்பாலும் போதாது. கிரெடிட் கார்டுகளின் வாடகைக் கார் காப்பீடு வழக்கமாக ஆர்வியை விலக்கிவிடும். கார் பாலிசியைப் பற்றி ஏஜெண்டிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் மைல் கட்டணம், ஜெனரேட்டர் மணிக்கணக்கு, மண் சாலைத் தடை மூன்றையும் தேடிப் படியுங்கள். சில்வர்டனைச் சுற்றி மண் சாலைகள் நிறைய. அங்கே அடிபட்டால் செலவு உங்கள் தலையில் விழலாம். வண்டியை எடுக்கும் நாளில் கூரை, ஆனிங் (பக்கவாட்டில் விரிக்கும் நிழல் துணி), பின் மூலைகள் மூன்றையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.