எதற்கு நிறுத்துவது, எதற்கு எச்சரிப்பது?
வணக்கம். சிறப்பு மலருக்கான வடிவமைப்புக் கருவி எதற்கு நிற்கணும், எதற்கு எச்சரித்தால் போதும் என்று கேட்டிருந்தீர்கள். எழுத்து தொலைந்தால் கட்டாயம் நிறுத்துங்கள். எழுத்துருவில் இல்லாத எழுத்து வந்தால் லேடெக் (பக்கங்களை அச்சுக்கு அமைக்கும் மென்பொருள்) ஒரு வரி முணுமுணுத்துவிட்டு மேலே போய்விடும். பெங்களூரில் எங்கள் குடியிருப்புப் பொங்கல் மலரில், பக்கத்து வீட்டார் கன்னடத்தில் எழுதித் தந்த வாழ்த்து முழுக்கக் கட்டம் கட்டமாக அச்சேறியது. இன்றும் அவர்களைப் பார்த்தால் கூச்சம்தான்! லேடெக் அடங்கிய டெக் லைவ் தொகுப்பின் 2021 பதிப்பு முதல், ‘ட்ரேசிங்லாஸ்ட்கேர்ஸ்’ (\tracinglostchars) என்ற அமைப்பின் மதிப்பை 3 ஆக்கினால் அது பிழையாகவே நின்றுவிடும்.

வரி ஓரத்தைத் தாண்டினால் எச்சரிக்கை போதும். ‘இந்தப் பக்கம் பார்க்க’ என்னும் பக்கச் சுட்டுக்கு எண் கிடைக்காமல் ‘??’ விழுவது கருவியின் முதல் ஓட்டத்தில் சகஜம்; வரைவில் விட்டுவிடுங்கள், அச்சகத்துக்குப் போகும் கோப்பில் மட்டும் பிழையாக்குங்கள். நானூறு எச்சரிக்கை கொட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள், நானும்தான்.