கீயை விட்டாலும் சவுண்டு நிக்கலையா?

கேள்வி: கம்ப்யூட்டர்ல விசிவி ராக்ங்கற சாஃப்ட்வேர் போட்டு மாடுலர் சிந்தசைசர் (தனித்தனி பாகங்களை வயரால கோத்து சவுண்டு உண்டாக்கற கருவி) பழகறேன். விசிஓ-ல (சவுண்டை உண்டாக்கற ஆசிலேட்டர்) இருந்து வர்ற சவுண்டு கீயை விட்ட பிறகும் 'ஙொய்'னு ஓடிட்டே இருக்கு. நடுவுல விசிஏ (வால்யூமை ஏத்தி இறக்கற பாகம்) போட்டும் அதே கதைதான். சாதா கீபோர்டுல இப்படி இல்லையே?

பதில்: ஆசிலேட்டர்ங்கறது சுருதிப்பெட்டி மாதிரி, ஆன் பண்ணிட்டா அது பாட்டுக்கு ஓடும். கீபோர்டுல அதை நிறுத்தற வேலைய கம்பெனிக்காரனே உள்ள முடிச்சு வச்சிருப்பான், மாடுலர்ல அதுக்கும் நீங்கதான் வயர் குடுக்கணும்.

இதே தலைவலி 1964-லயே வந்துச்சு. நியூயார்க் மாகாணத்துல ட்ரூமன்ஸ்பர்க்னு ஒரு சின்ன ஊர், அங்க பாப் மோக் (நாம மூக்னு சொல்றோம், அவர் சொன்னது மோக்) இசையமைப்பாளர் ஹெர்ப் டாய்ச்சோட உக்காந்து மாடுலர் சிந்தசைசரை உருவாக்கிட்டு இருந்தார். சவுண்டு வருது, ஆனா ஒவ்வொரு நோட்டும் எழும்பி அடங்கணுமேன்னு டாய்ச் கேட்டதும் மோக் அவரையே எதிர்ல இருந்த ஹார்டுவேர் கடைக்கு அனுப்பி ஒரு காலிங் பெல் பட்டன் வாங்கிட்டு வரச் சொன்னாராம்! பட்டனை அமுக்கினா ஒரு கெப்பாசிட்டர்ல வோல்டேஜ் ஏறும், விட்டா மெதுவா இறங்கும், அந்த வோல்டேஜ்தான் வால்யூமை ஏத்தி இறக்கும். இன்னைக்கு என்வலப்னு நாம சொல்றது இதுதான். அடுத்த வருஷம் இசையமைப்பாளர் உசசெவ்ஸ்கி கேட்டபடி அது அட்டாக் (எழும்பறது), டிகே (கொஞ்சம் இறங்கறது), சஸ்டெயின் (கீயை அமுக்கியிருக்கற வரை நிக்கற அளவு), ரிலீஸ் (விட்டதும் அடங்கறது)னு நாலு பாகமாச்சு, அதான் உங்க ஸ்கிரீன்ல இருக்கற ஏடிஎஸ்ஆர்.

உங்க விஷயத்துக்கு வரேன். விசிஏ போட்டீங்க சரி, அதோட சிவி (கட்டுப்படுத்தற வோல்டேஜ்) ஓட்டைல எதையும் சொருகலைன்னு நினைக்கறேன், அது காலியா இருந்தா விசிஏ முழுசா திறந்தே கிடக்கும். மிடி மாட்யூல்ல (கீபோர்டு சிக்னலை உள்ள கொண்டு வர்ற பாகம்) இருக்கற கேட்-ல (கீயை அமுக்கினதையும் விட்டதையும் சொல்ற சிக்னல்) இருந்து ஏடிஎஸ்ஆர் கேட்டுக்கு ஒரு வயர், ஏடிஎஸ்ஆர் என்வலப் அவுட்ல இருந்து விசிஏ சிவிக்கு ஒரு வயர், அவ்ளோதான். வி/ஆக்ட் வயரை விசிஓ-க்கே விட்டுடுங்க, அது சுருதிக்கு மட்டும், ஒரு வோல்ட் ஏறினா ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) ஏறும். யூட்யூப்ல புக்லா ஸ்டைல் பாட்சை (வயர் இணைப்பை) பார்த்துக் குழம்பிடாதீங்க, சான்ஃபிரான்சிஸ்கோல டான் புக்லா அதே காலத்துல பியானோ கீயே வேணாம்னு தொடுற தகடு வச்சு சிந்தசைசர் பண்ணினவர், அந்த ரூட்டே வேற.

வயர் குடுத்ததும் சஸ்டெயினை ஜீரோ பண்ணி டிகேயைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க, அதே ஙொய் சவுண்டு தந்திய மீட்டின மாதிரி டொய்ங்னு அடங்கும்.