ட்ரெட்மில்லுக்கு இஎம்ஐ கட்டலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. திருச்சி உறையூரில் வீடு, தில்லைநகரில் வேலை. 2 கிலோமீட்டர்தான், பைக்கில் போய் வருகிறேன். சமீபத்திய ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 6.1 வந்தது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். 48,000 ரூபாய்க்கு ஒரு ட்ரெட்மில் பார்த்திருக்கிறேன். மாதம் 4,000 வீதம் 12 மாத இஎம்ஐ. அலுவலகத்தில் 3 லட்சத்துக்கு குரூப் மருத்துவ இன்ஷூரன்ஸ் உண்டு. நடந்து சர்க்கரையைக் குறைத்துவிட்டுத் தனி பாலிசி எடுத்தால் பிரீமியம் குறையும் என்கிறார் நண்பர். அப்படிச் செய்யலாமா?

பதில்: ட்ரெட்மில் வேண்டாம். பாலிசியைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

அலுவலகத்துக்கு நடந்தே போங்கள். நடந்தால் பெட்ரோல் மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், தினம் 4 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 100 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டியில் அது 2 லிட்டர், சுமார் 200 ரூபாய். திரும்பும் வழியில் ஒரு டீ, இரண்டு பஜ்ஜி என்று பழகினால் அதுவும் போச்சு; சர்க்கரையும் குறையாது.

பெரிய பணம் மருத்துவச் செலவில் இருக்கிறது. மாத்திரை, பரிசோதனை, டாக்டர் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 1,500 என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோய் 10 வருடம் தள்ளிப்போனால் 1,80,000 ரூபாய் கையில் நிற்கும், விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்காமலேயே. தள்ளிப்போடுவது நடக்கிற காரியம்தான். சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உங்களைப் போல எல்லையில் இருந்த 531 பேரைப் பின்தொடர்ந்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 3 ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டை மாற்றி, தினம் அரை மணி நேரமாவது வேகமாக நடக்கும்படி சொல்லப்பட்டவர்களில் அது 39.3 சதவீதம். கவனியுங்கள், பூஜ்யம் இல்லை. சாப்பாட்டையும் மாற்றி நடந்தவர்களிலேயே பத்தில் நான்கு பேருக்கு வந்திருக்கிறது.

அதனால்தான் நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நீங்கள் காத்திருக்கும்போதே சர்க்கரை நோய் வந்துவிட்டால், அது பாலிசிக்கு முன்பே இருந்த நோய் ஆகிவிடும். அதற்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத காலம், 36 மாதம் வரை போகலாம், அதுவும் நீங்கள் பாலிசி எடுக்கும் நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். இன்று எடுத்தால் இன்றே ஓடும். விண்ணப்பத்தில் 6.1 என்பதை மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியத்தில் கொஞ்சம் ஏற்றினால் ஏற்றட்டும். மறைத்துவிட்டு, ஆஸ்பத்திரி படுக்கையில் கிளெய்ம் நிராகரிப்புக் கடிதம் வாங்குவதற்கு அது எவ்வளவோ மேல். குரூப் இன்ஷூரன்ஸை நம்பி உட்கார வேண்டாம். பொதுவாக வேலையோடு அதுவும் போய்விடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால், முன்பு கட்டிய 18 சதவீதம் இப்போது மிச்சம்.

சில நிறுவனங்கள் தினசரி நடை எண்ணிக்கையைச் செயலியில் பார்த்து, புதுப்பிக்கும்போது தள்ளுபடி தருகின்றன. கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காகவே ஒரு பாலிசியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அறை வாடகை வரம்பும் நெட்வொர்க் ஆஸ்பத்திரிப் பட்டியலும் (நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகள்)தான் முக்கியம்.

சரி, அந்த 4,000? வங்கியில் ஒரு ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடுங்கள். வருடக் கடைசியில் 48,000-மும் வட்டியும் இருக்கும். அடுத்த வருட பிரீமியத்தை அதிலிருந்து கட்டலாம். பழைய வரி முறையில் இருந்தால் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 25,000 வரை வருமான வரிக் கழிவு உண்டு; அதற்குள் 5,000 வரை முழு உடல் பரிசோதனைக்கும் காட்டலாம். பரிசோதனைக்கு ரொக்கம் கொடுத்தாலும் செல்லும், பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழிவு கிடையாது.

ஒரு இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: நல்ல ஷூ. ஹவாய் செருப்போடு தினம் 4 கிலோமீட்டர் நடக்காதீர்கள், சர்க்கரை எல்லையில் இருப்பவருக்குக் காலில் புண் நல்லதல்ல. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் தெருவில் ஒரு 10 நிமிடம் நடங்கள். சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை அதில் மட்டுப்படும். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி மறுபடி எடுங்கள். அப்போதும் ட்ரெட்மில் ஆசை விடவில்லை என்றால், துணி காயப்போட்டே புதுசாக இருக்கும் செகண்ட் ஹேண்ட் ட்ரெட்மில் ஊரில் நிறையக் கிடைக்கும்.