ஊட்டி வீட்டுக்கு எந்தக் கீசர்?

வணக்கம். ஊட்டியில் கட்டும் வீட்டுக்கு 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் போதுமா, 25 லிட்டர் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஊற்று நீர்தான் வருகிறது, மாலையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்குகிறது என்றும் எழுதியிருந்தீர்கள்.

தயங்காமல் 25 லிட்டரே வாங்குங்கள். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஓடும் தண்ணீரின் வெப்பத்தைச் சுமார் 21 டிகிரிதான் உயர்த்தும் என்பதால், டிசம்பர் காலையில் 10 டிகிரியில் உள்ளே போகும் தண்ணீர் 31 டிகிரியில்தான் வெளியே வரும். அந்தக் குளிரில் அது குளிக்கப் போதாது. 230 வோல்ட்டுக்கான காயில் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) 180 வோல்ட்டில் ஏறக்குறைய 60 சதவீத வெப்பமே தரும். பெரிய தொட்டியில் இந்தக் குறை நேரத்தில் மட்டுமே தெரியும்: 2 கிலோவாட்டில் முக்கால் மணி நேரத்தில் 60 டிகிரியை எட்ட வேண்டியது, மேலும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

நீடித்த உழைப்புக்கு நான் முதலில் பார்ப்பது தொட்டியைத்தான். உப்பு குறைந்த ஊற்று நீரில் காயிலில் உப்புப் படியும் தொல்லை குறைவு. ஆனால் அந்த நீர் சற்றே அமிலத்தன்மையுடன் இருந்தால் இரும்பை அரிக்கும். ஆகவே உட்புறம் கண்ணாடிப் பூச்சும் மக்னீசியம் ராடும் உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். தொட்டிக்குப் பதிலாக அரிபடுவதே அந்த ராடின் வேலை; ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பார்த்து, நடுவிலுள்ள இரும்புக் கம்பி வெளியே தெரியத் தொடங்கியதும் மாற்றிவிட வேண்டும். பெரும்பாலான மாடல்களில் அது அடிப்பக்கமாகத்தான் வெளியே வரும் என்பதால், கீசரின் கீழே ராடை உருவும் அளவுக்கு இடம் விட்டு மாட்டும்படி பிளம்பரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.