திரீ மைல் தீவு விபத்து: ஆபரேட்டர் மேல் பழி போடலாமா? கேள்வி பதில்

கேள்வி: திரீ மைல் தீவு விபத்துக்கு ஆபரேட்டர்களின் தவறுதான் காரணம் என்று படித்தேன். உண்மையா சார்?

பதில்: அப்படிச் சொல்லி முடித்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். 1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள திரீ மைல் தீவு அணுமின் நிலையம். நீராவிக் கலனுக்குத் தண்ணீர் அனுப்பும் பம்புகள் நின்றன. சில நொடிகளில் அணு உலை தானாகவே அணைந்தது. அதுவரை சரி. ஆனால் அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டது. பேனலில் அதற்கான விளக்கோ அணைந்துவிட்டது. 'மூடு' என்ற உத்தரவு போனதை மட்டுமே காட்டும் விளக்கு அது. வால்வு நிஜமாக மூடியதா என்பது அதற்குத் தெரியாது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் நம்பியிருப்பேன்.

கேள்வி: மாற்றுப் பம்பு இல்லையா?

பதில்: இருந்தது, ஓடவும் செய்தது. அதன் குழாயில் இரண்டு வால்வுகள் மூடிக் கிடந்தன. அதைக் காட்டும் விளக்குகளில் ஒன்றின் மேல் மஞ்சள் நிறப் பராமரிப்பு அட்டை தொங்கியது. கண்டுபிடிக்க 8 நிமிடம் ஆனது.

கேள்வி: உலையைக் குளிர்விக்கும் அவசரத் தண்ணீரை ஆபரேட்டர்களே குறைத்தார்களாமே, ஏன்?

பதில்: உலை நீரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தொட்டியான பிரஷரைசரில் நீர்மட்டம் ஏறியது. அது முழுக்க நிரம்பவே கூடாது என்பது அவர்களுக்குப் பயிற்சியில் ஊறிப்போன பாடம். அதனால் குறைத்தார்கள். மூடாமல் மாட்டிய வால்வு பிரஷரைசரின் உச்சியில் இருந்ததால் தண்ணீர் அங்கே ஏறி அதன் வழியே வெளியேறியது, உலையோ காலியாகிக்கொண்டிருந்தது. உலைக்குள் எவ்வளவு தண்ணீர் என்று நேராகக் காட்டும் கருவி அங்கே கிடையாது. அலாரங்கள் நூற்றுக்கு மேல் அலறின. புதிதாக வந்த ஷிப்டுக்காரர்கள் சந்தேகப்பட்டு, மாட்டிய வால்வின் குழாயிலிருந்த தடுப்பு வால்வை மூடியபோது மணி 6.20 தாண்டிவிட்டது. உலை மையத்தில் கிட்டத்தட்ட பாதி உருகிப்போனது.

கேள்வி: அப்புறம் என்ன மாற்றினார்கள்?

பதில்: வால்வின் நிலையை நேராகக் காட்டும் கருவி, ஆலையின் கட்டுப்பாட்டு அறையைப் போலவே அமைத்த சிமுலேட்டரில் பயிற்சி, புதிய அவசரகால நடைமுறைகள்.

கேள்வி: முன்கூட்டியே தெரிய வாய்ப்பே இல்லையா?

பதில்: இருந்தது, எனக்கு ஆறாத கோபமும் அதில்தான். 1977 செப்டம்பரில் ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி ஆலையிலும் இதே மாதிரி வால்வு மாட்டியது. அங்கேயும் தண்ணீரைக் குறைத்தார்கள். உலை 9 சதவீதத் திறனில்தான் ஓடியது, சுமார் 20 நிமிடத்தில் பிடித்தும்விட்டார்கள், தப்பியது. உலையை வடிவமைத்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தண்ணீரை அவசரப்பட்டுக் குறைக்க வேண்டாமென்று எல்லா ஆலைகளுக்கும் சொல்லும்படி 1978 பிப்ரவரியில் குறிப்பு எழுதினார். 13 மாதம் அது நிறுவனத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அன்று அதிகாலை பேனல் முன் நின்றவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.